நவம்பருக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்: அமெரிக்கத் தமிழர்களுக்கான பிரைமரி வாக்களிப்பு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களிடம் வாக்களித்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் நவம்பரைப் பற்றித்தான் பதில் வரும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிபர் தேர்தலன்று வரிசையில் நின்று, வாக்குச்சாவடியில் தரும் வட்ட ஒட்டியைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த வாக்குச்சீட்டில் இருந்த பெயர்கள் எப்படி அங்கே வந்தன, அவற்றை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது.

தமிழ்நாட்டு நடைமுறையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அங்கே போட்டியிட விரும்புபவர் கட்சித் தலைமையகத்தில் கட்டணம் செலுத்தி விருப்ப மனு கொடுக்கிறார், தலைமை நேர்காணல் நடத்துகிறது, ஒரு மாலையில் வேட்பாளர் பட்டியல் வெளியாகிறது. வாக்காளருக்கு அந்தக் கட்டத்தில் எந்த வேலையும் இல்லை. அமெரிக்காவில் அந்த நேர்காணலை நடத்துவதே வாக்காளர்தான். அதற்குப் பெயர்தான் பிரைமரி, அதாவது முதனிலைத் தேர்தல். எப்போதும் அப்படி இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபோலெட் போன்றவர்கள், கட்சிப் பெரிய மனிதர்களின் கையிலிருந்து வேட்பாளர் தேர்வைப் பறித்து மக்களிடம் கொடுக்கப் போராடினார்கள். 1968 வரைக்கும்கூட அதிபர் வேட்பாளர் விஷயத்தில் கட்சித் தலைமையின் கைதான் ஓங்கியிருந்தது. அந்த ஆண்டு ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகுதான் இன்றைய முறை நிலைபெற்றது.

இதில் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு தேர்தல்களைச் சொல்வேன். பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் எரிக் கேன்டர், 2014 ஜூன் 10 அன்று வர்ஜீனியாவின் 7-ஆம் தொகுதிப் பிரைமரியில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் அந்தத் தொகுதியில் அன்று பதிவான வாக்குகள் சுமார் 65,000. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் 26 அன்று, நியூயார்க்கின் 14-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஜோ குரோலியை 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் சுமார் 4,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு இடங்களிலும் நவம்பரில் நடந்தது வெறும் சம்பிரதாயம். ஒரே கட்சி ஓங்கியிருக்கும் தொகுதிகளில் எல்லாம் இதுதான் நிலை, அப்படிப்பட்ட தொகுதிகள்தான் அதிகம். அங்கே நவம்பரில் மட்டும் வாக்களிப்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதைப் போன்றது.

முதல் படி: உங்களுக்கு வாக்குரிமை உண்டா என்பதை உறுதி செய்யுங்கள்

கூட்டாட்சி, மாநிலத் தேர்தல்களில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு உரிமை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இல்லை என்பதில்தான் சிலர் தடுமாறுகிறார்கள். மேரிலாந்தில் சில சிற்றூர்கள் தங்கள் உள்ளாட்சித் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவர்களையும் அனுமதிக்கின்றன என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் தமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகம். அங்கே விண்ணப்பத்தின் ஊடே, வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா என்ற கேள்வி வரும். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும் அவசரத்தில் ஆம் என்று குறித்துவிட்டால், குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று அறிவித்துக்கொண்டதாக அது பொருள்படலாம். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாடு கடத்தப்படுவதற்கும் அது காரணமாகும். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்களித்தீர்களா, வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று என்-400 படிவம் நேரடியாகவே கேட்கிறது. ஆகவே பெற்றோர், மனைவி, கணவர் எவருக்காவது நீங்கள் படிவம் நிரப்பிக் கொடுப்பவராக இருந்தால், அந்தக் கட்டத்தை இரண்டு முறை படியுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. அவர் வேட்பாளருக்காகத் தெருத் தெருவாகப் போய்க் கதவு தட்டலாம், சட்ட வரம்புக்குள் நன்கொடையும் தரலாம். எச்-1பியில் இருப்பவர் நன்கொடை தரக் கூடாது; ஊதியம் இல்லாத தன்னார்வப் பணிக்குத் தடை இல்லை.

வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் அவரையும் மறக்க வேண்டாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 நிறைவடையும் என்றால், பிரைமரியில் 17 வயதிலேயே வாக்களிக்கச் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன. நியூ ஜெர்சி 2026 முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் படி: உங்கள் மாநிலத்தின் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேர்தல் ஆணையம் ஒரே நாளில் அட்டவணையை அறிவித்து நாடு முழுவதும் ஒரே விதியில் நடத்தும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, இங்கே மாநிலத்துக்கு மாநிலம் நாளும் விதியும் மாறுவது முதலில் எரிச்சலைத் தரும். 2026 பிரைமரிக்கு டெக்சாஸ் குறித்த நாள் மார்ச் 3. இல்லினாய் மார்ச் 17. கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் ஜூன் 2. நியூயார்க் ஜூன் 23. வாஷிங்டன் மாநிலம் ஆகஸ்ட் 4. வேலை மாறி மாநிலம் மாறியவர்கள், பழைய ஊர் வழக்கத்தை நம்பியிருந்தால் மூன்று மாதம் தாமதமாக விழித்துக்கொள்வார்கள்.

நாளைவிட முக்கியமானது, யார் எந்தப் பிரைமரியில் வாக்களிக்கலாம் என்ற விதி. நியூயார்க், பென்சில்வேனியா போன்றவை மூடிய முறை கொண்டவை. அந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே அதன் பிரைமரியில் வாக்களிக்க முடியும். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. அன்றைய தினம் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கட்சியின் சீட்டை மட்டுமே. நியூ ஜெர்சியும் வட கரோலைனாவும் இடைப்பட்டவை: எக்கட்சியிலும் சேராதவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர் மற்றதற்குத் தாவ முடியாது.

கலிபோர்னியாவின் வழி தனி வழி. 2010-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 14-ஆம் முன்மொழிவின்படி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), மாநிலச் சட்டமன்றம், ஆளுநர் முதலிய பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள், முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் மட்டும், ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். வாஷிங்டன் மாநிலத்திலும் இதே போன்ற முறைதான். அதிபர் பிரைமரிக்கு மட்டும் கலிபோர்னியாவில் விதி வேறு. கட்சி சாராதவர் தனியாகக் கேட்டுச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: பட்டியலில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

மாநிலத்தின் தேர்தல் இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் பதிவு தெரியும். மற்றவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. நமக்கு அப்படி அல்ல, ஏனென்றால் நம் பெயர்கள் இந்த நாட்டின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. ஊரில் மு. கயல்விழி என்று இருந்தவர், கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரிந்து கயல்விழி முத்துக்குமாரசாமி ஆகிறார். ஓட்டுநர் உரிமத்தில் இடம் போதாமல் அப்பாவின் பெயர் பாதியில் நிற்கிறது. குடியுரிமைச் சான்றிதழில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார். சிலருக்கு விசாவிலேயே முதல் பெயர் இல்லை என்று குறித்துவிட்டு, முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். இத்தனையில் எந்த வடிவம் வாக்காளர் பட்டியலில் ஏறியிருக்கிறது என்பதை இணையத்தில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடியில் என் முன்னால் நின்ற ஒருவரின் பெயரை, அங்கிருந்த மூதாட்டி கணினிப் பலகையில் ஐந்து நிமிடம் தேடினார். எல்லோரும் அவரை அழைக்கும் பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அவருடைய அப்பாவின் பெயரில் அல்லவா அவர் பட்டியலில் இருந்தார்.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிரீன் கார்டு காலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது நீங்கள் குடிமகன் அல்ல என்று பதிவாகியிருக்கும். உரிமத்தைப் புதுப்பிக்கும் வரை அது அப்படியே கிடக்கும். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநில அரசு, இத்தகைய பழைய பதிவுகளை வைத்துச் சுமார் 95,000 வாக்காளர்கள் குடிமக்களாக இல்லாமல் இருக்கலாம் என்று அறிவித்தது. அவர்களுள் பலர் இடைப்பட்ட காலத்தில் முறைப்படி குடியுரிமை பெற்றவர்கள் என்பது தெரியவந்ததும் வழக்குகள் தொடரப்பட்டன, ஏப்ரலில் அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஆகவே உறுதிமொழி எடுத்த கையோடு சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் குடியுரிமை நிலையை மாற்றிவிடுங்கள்.

பதிவுக்கான கெடு டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பு, நியூ ஜெர்சியில் 21 நாள் முன்பு. கலிபோர்னியாவில் 15 நாள் முன்பு முடிந்தாலும், தவறவிட்டவர் நேரில் போய்த் தேர்தல் நாளன்றே பதிவு செய்து வாக்களிக்க வழி இருக்கிறது. டெக்சாஸில் புதிதாகப் பதிவு செய்பவர் பொதுவாகத் தாள் படிவத்தில்தான் செய்ய வேண்டும். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும், ஆனால் நிலைமை அதுதான். கெடு நாளன்று அஞ்சல் பெட்டியைத் தேடி ஓடாமல், ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

நான்காம் படி: கட்சி என்ற கட்டத்தைக் கவனியுங்கள்

என் அனுபவத்தில் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்தேன். குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளன்று, கையில் சிறு கொடியோடு வெளியே வந்தபோது மேசை போட்டு வாக்காளர் படிவம் கொடுத்தார்கள். கட்சி என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் படிவம் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, அப்போது செய்தியில் அதிகம் கேட்ட கட்சியைக் குறித்தேன். சில ஆண்டுகள் கழித்து, எங்கள் டவுன்ஷிப்பில் மற்றக் கட்சியின் பிரைமரியில் எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் நின்றார். அவருக்கு வாக்களிக்க அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். என் பெயருக்கு எதிரே இருந்த எழுத்தைக் காட்டி, அந்தச் சீட்டு உங்களுக்குக் கிடையாது என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விதி என்னவோ படிவத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது, படிக்காதது நான்.

நியூ ஜெர்சியில் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர், பிரைமரிக்கு 55 நாள் முன்பே அறிவிப்புப் படிவம் கொடுத்துவிட வேண்டும். எக்கட்சியும் சாராதவருக்கு அந்தக் கவலை இல்லை. வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிச் சீட்டு வாங்கலாம். ஆனால் அந்த நொடியிலிருந்து அவர் அக்கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவார், மீண்டும் சாராதவராக வேண்டுமென்றால் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். நியூயார்க்கில் ஜூன் பிரைமரிக்கான கட்சி மாற்றக் கெடு பிப்ரவரி 14. காதலர் தினம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அது இன்னும் கொடுமையாக இருந்தது: 2016 ஏப்ரல் பிரைமரிக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டதால் டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் சொந்தத் தந்தைக்கே அந்தப் பிரைமரியில் வாக்களிக்க முடியாமல் போனது ஊரறிந்த செய்தி.

கலிபோர்னியாவில் வேறு மாதிரியான பொறி உண்டு. எக்கட்சியும் சாராதவர் என்று பதிவு செய்ய நினைப்பவர்கள், 'அமெரிக்கன் இன்டிபென்டன்ட்' என்ற பெயரைப் பார்த்ததும் அதைக் குறித்துவிடுகிறார்கள். அது சுயேச்சைக்கான கட்டம் அல்ல, தனிக் கட்சி. சுயேச்சையாக இருக்க விரும்புபவர் கட்சி விருப்பம் இல்லை என்ற வரியைத்தான் குறிக்க வேண்டும்.

கட்சியில் பதிவு செய்வதால் சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, நவம்பரில் அக்கட்சிக்கே வாக்களிக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. உங்கள் தொகுதியில் எந்தக் கட்சியின் பிரைமரி முடிவைத் தீர்மானிக்கிறதோ அதில் பதிவு செய்வது சட்டப்படி முற்றிலும் சரியானது. அது நேர்மையா என்று கேட்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், தன் ஊரை ஆளப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போவதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் பலவீனமான ஆளை வெற்றி பெறவைத்து எதிர்க்கட்சியைக் கவிழ்க்கலாம் என்று போவது வேறு. அந்த ஆள் நவம்பரிலும் வென்றுவிட்டால் அவரோடு வாழ வேண்டியது நீங்கள்தான்.

ஐந்தாம் படி: மாதிரி வாக்குச்சீட்டை முன்கூட்டியே படியுங்கள்

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு கவுண்டி அலுவலகம் மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பும், அல்லது தன் இணையதளத்தில் போடும். ஊரில் வீடு தேடி வரும் பூத் சிலிப்பைப் போல இதில் உங்கள் வாக்குச்சாவடி முகவரியும் இருக்கும். விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மேலே செனட்டர் அல்லது ஆளுநர், அடுத்துப் பிரதிநிதிகள் சபை, மாநிலச் சட்டமன்றம், கவுண்டி ஆணையர்கள், மேயர், கவுன்சில் என்று இறங்கிக்கொண்டே போகும். நியூ ஜெர்சியில் கடைசியில் கவுண்டி கமிட்டி என்று ஒரு வரி வரும். பலரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், பல இடங்களில் போட்டியிடவே ஆள் இல்லை. உள்ளூரில் யாரைக் கட்சி ஆதரிப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் உட்காருபவர்கள் அந்த வரியில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள்தான். எடிசனிலோ பக்கத்து ஊர்களிலோ அரசியலில் கால்வைக்க விரும்பும் தமிழருக்கு அதைவிட எளிய வாசல் வேறில்லை.

நியூ ஜெர்சி வாக்குச்சீட்டின் தோற்றம் அண்மையில் மாறியிருக்கிறது. கவுண்டிக் கட்சித் தலைமை ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லாரையும் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் அடுக்கி, மற்றவர்களை ஓரத்தில் தள்ளும் பழைய முறைக்குக் கவுண்டி லைன் என்று பெயர். ஒரே கோட்டில் கட்டைவிரலை இழுத்துக்கொண்டு போனால் போதும், வாக்களித்தாயிற்று. 2024-இல் செனட் வேட்பாளராக நின்ற ஆண்டி கிம் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி நீதிபதி ஜாஹித் குரேஷி ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு அதைத் தடுத்தார். 2025-இல் மாநிலம் சட்டத்தையே மாற்றியது. இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனிக் கட்டம், அதற்குள் எல்லா வேட்பாளர்களும். வாக்காளருக்கு இது நல்லதுதான், ஆனால் வீட்டுப்பாடம் கூடிவிட்டது.

ஆறாம் படி: வேட்பாளர்களை விசாரியுங்கள்

நவம்பரில் கட்சிப் பெயரைப் பார்த்தே பாதி முடிவெடுத்துவிடலாம். பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி. எல்லோருடைய துண்டறிக்கையிலும் அதே குடும்பப் படம், அதே வாக்குறுதிகள். இங்கே பயன்படும் வழி ஒன்று: எந்தக் கேள்வி எந்தப் பதவிக்குரியது என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். பொங்கல் விழாவுக்கு வந்த டவுன்ஷிப் கவுன்சில் வேட்பாளரைச் சூழ்ந்துகொண்டு கிரீன் கார்டு காத்திருப்பைப் பற்றிக் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். அவரும் கட்டாயம் செய்கிறேன் என்று தலையாட்டுகிறார். அது அவர் கையில் இல்லை. வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு அடிப்படையில் 1,40,000 என்பதும், ஒரு நாட்டவருக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பதும் காங்கிரஸ் இயற்றிய சட்டம். காங்கிரஸ்தான் மாற்ற முடியும். கவுன்சில் வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை வேறு: சொத்து வரியில் நகராட்சியின் பங்கு, புதிய அடுக்குமாடி அனுமதி, மழைநீர் தேங்கும் தெரு, பூங்காவில் கிரிக்கெட் ஆடுகளம். பள்ளிகளைப் பற்றிய கேள்வியை நியூ ஜெர்சியில் பிரைமரிக்கே கொண்டுவர வேண்டியதில்லை. பள்ளிக்குழுத் தேர்தல் கட்சி சார்பற்றது, தனியாக நடப்பது.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால், பேச்சை விட்டுவிட்டு வாக்கைப் பாருங்கள். நாட்டுவாரி வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. யார் எப்படி வாக்களித்தார் என்பது சபைப் பதிவில் பெயர் பெயராக இருக்கிறது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது, இரண்டும் ஒன்றிணையாமலேயே அந்த அவையின் காலம் முடிந்துபோனது. உங்கள் உறுப்பினர் அன்று சபையில் இருந்திருந்தால், பொங்கல் மேடையில் அவர் சொல்வதோடு அந்தப் பதிவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஈழத்தமிழர் பிரச்சினையில் அக்கறை உள்ளவர்கள் தீர்மானங்களின் இணை முன்மொழிவாளர் பட்டியலைப் பார்க்கலாம். 2021 மே மாதம் வட கரோலைனாவின் டெபோரா ராஸ் கொண்டுவந்த 413-ஆம் தீர்மானம் ஓர் எடுத்துக்காட்டு. அதே சமயம், சபைத் தீர்மானம் என்பது கருத்து, சட்டம் அல்ல என்ற வேறுபாட்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தீர்மானத்தில் பெயர் கொடுப்பதற்கு உறுப்பினருக்கு அதிகம் செலவாவதில்லை.

புதிய வேட்பாளருக்கு அப்படிப்பட்ட பதிவு இருக்காது. அவரிடம் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காங்கிரஸ் வேட்பாளர்களுக்கு ஒரு தேர்தல் சுழற்சியில் 200 டாலருக்கு மேல் தந்தவர்களின் பெயர், ஊர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் கிடைக்கும். (உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குக் கொடுத்தார் என்பதும் தெரிந்துவிடும், அதைப் பிறந்தநாள் விருந்தில் எடுத்துப் பேசாமல் இருப்பது நல்லது.) 1920-இல் தொடங்கப்பட்ட பெண் வாக்காளர் லீக், வேட்பாளர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு அவரவர் சொற்களிலேயே பதிலை வெளியிடுகிறது. பதில் அனுப்பாதவர் யார் என்பதும் ஒரு தகவல்தான். உள்ளூர் நூலகத்தில் நடக்கும் வேட்பாளர் விவாதங்களுக்குச் சில சமயம் முப்பது பேர்தான் வருவார்கள். நேரடியாகக் கேள்வி கேட்டு, பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

வாட்ஸ்அப் குழுவில் வரும் வேட்பாளர் பட்டியல்களை நம்ப வேண்டாம். இவர் நமக்கு வேண்டியவர் என்று சொல்லும் செய்தியில் யார் எழுதியது, எந்த நாளில் எழுதியது என்பது இருக்காது. போன தேர்தலின் பட்டியல் இந்தத் தேர்தலில் மறுபடி சுற்றுவதும் உண்டு. வேட்டி கட்டிக்கொண்டு வந்து வணக்கம் சொன்னார் என்பதும் ஒரு கொள்கை ஆகாது.

நம் பக்கத்துப் பெயர் என்பதும் வழிகாட்டாது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் ஜனநாயகக் கட்சியின் முற்போக்கு அணியில் இருப்பவர். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி 2024-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் பிரைமரியில் நின்று, அயோவாவில் பின்தங்கிய அன்றே விலகியவர். இருவருக்கும் கொள்கையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2012-இல் இல்லினாயின் 8-ஆம் தொகுதிப் பிரைமரியில் டாமி டக்வொர்த்திடம் தோற்றார். அதே தொகுதியில் 2016 பிரைமரியை வென்று காங்கிரசுக்குப் போனார். அவருடைய தோல்வி, வெற்றி இரண்டையும் முடிவு செய்தது பிரைமரிதான்.

ஏழாம் படி: எப்படி வாக்களிப்பது என்று முடிவு செய்யுங்கள்

அஞ்சல், முன்கூட்டிய வாக்குப்பதிவு, தேர்தல் நாள் என்று மூன்று வழிகள் பல மாநிலங்களில் உண்டு. ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதிலேயே நில்லுங்கள். நியூ ஜெர்சியில் அஞ்சல் சீட்டு கேட்டு வாங்கிவிட்டு, பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிகச் சீட்டுதான் தருவார்கள். கோடை விடுமுறைக்கு ஜூன் தொடக்கத்திலேயே ஊருக்குக் கிளம்புபவர்கள் விமானச் சீட்டு எடுக்கும்போதே அஞ்சல் சீட்டுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அஞ்சலில் அனுப்புபவர்கள் கையெழுத்தைக் கவனியுங்கள். உறையில் நீங்கள் போடும் கையெழுத்தை, பதிவில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வங்கியில் தமிழில் கையெழுத்திட்டுப் பழகியவர், உரிம அலுவலகத்தின் மின்பலகையில் விரலால் ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பார். உறையில் பழக்கதோஷத்தில் அழகான தமிழில் போட்டுவிடுவார். தமிழில் போடுவதில் தவறில்லை, இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெற்றோர் குடிமக்களாக இருந்தால், அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு, உடல் இயலாமையாலோ படிக்க எழுத இயலாததாலோ உதவி தேவைப்படுபவர், தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போக உரிமை தருகிறது; முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. துணைக்குப் போகும் மகனோ மகளோ வாசித்துக் காட்டலாம், அவர்கள் சொல்வதைக் குறிக்கலாம். "அம்மா, நான் பாத்துக்கறேன்" என்று தானே குறித்துவிடக் கூடாது. முதல் நாள் இரவு மாதிரிச் சீட்டை வைத்துத் தமிழில் பேசி முடித்துவிட்டால், சாவடியில் தடுமாற்றம் இருக்காது.

எட்டாம் படி: வாக்களிக்கும் நாள்

நியூ ஜெர்சியில் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுவார்கள்; மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் வாக்களிக்கலாம். டெக்சாஸில் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். வேட்பாளர் பெயர் போட்ட பனியன், தொப்பி இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குறித்த சீட்டைப் படமெடுப்பதற்குச் சில மாநிலங்களில் தடை இருக்கிறது, அதனால் ஒட்டியை மட்டும் படமெடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரைப் போல விரலில் மை வைக்கமாட்டார்கள் என்பதில் என் அம்மாவுக்கு இன்றுவரை ஏமாற்றம்தான்.

பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முதலில், கைப்பேசியில் வைத்திருக்கும் படத்தைக் காட்டி, அப்பாவின் பெயரில் தேடச் சொல்லுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். கூட்டாட்சித் தேர்தல்களில், அந்தத் தொகுதியில் தான் பதிவு செய்த தகுதியுள்ள வாக்காளர் என்று எழுதிக் கொடுப்பவருக்கு அதைத் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். கூடவே ஒரு தாள் தருவார்கள். உங்கள் வாக்கு எண்ணப்பட்டதா என்று பின்னால் அறிந்துகொள்ளும் வழி அதில் இருக்கும்.

ஒன்பதாம் படி: வாக்களித்த பிறகு

டெக்சாஸில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், மே மாதக் கடைசியில் முதல் இருவருக்கிடையே மறுசுற்று நடக்கும். அதற்கு வருபவர்கள் இன்னும் குறைவு. 2022-இல் அங்கே 28-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் மறுசுற்றில் ஹென்றி குவேயார், ஜெசிகா சிஸ்னெரோசை மறு எண்ணிக்கைக்குப் பிறகு 289 வாக்குகளில் வென்றார். மார்ச்சில் ஒரு கட்சிப் பிரைமரியில் வாக்களித்தவர் மே மாதத்தில் அடுத்த கட்சியின் மறுசுற்றுக்குப் போக முடியாது. மார்ச்சில் வாக்களிக்காதவர் எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.

அஞ்சலில் அனுப்பியவர்கள் மாநிலத் தளத்தில் தங்கள் உறை வந்து சேர்ந்ததா, ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். கையெழுத்து பொருந்தவில்லை என்றால் கவுண்டியிலிருந்து கடிதமோ மின்னஞ்சலோ வரும்; குறித்த நாளுக்குள் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. 2024 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் 16-ஆம் தொகுதியில், பாலோ ஆல்டோவும் மவுன்டன் வியூவும் அடங்கிய, நம்மவர்கள் திரளாக வாழும் அந்தப் பகுதியில், நவம்பருக்குப் போகும் இரண்டாம் இடத்துக்கு ஜோ சிமிட்டியனும் ஈவன் லோவும் போட்டியிட்டார்கள். வாரக்கணக்கில் எண்ணி முடித்தபோது இருவருக்கும் சரியாக 30,249 வாக்குகள். மறு எண்ணிக்கை நடந்தது. ஈவன் லோ ஐந்து வாக்குகள் வித்தியாசத்தில் நவம்பருக்குப் போனார்.